மூன்றே முக்கால்

என் அன்பு மகள் முக்காலுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு இப்போது வேறு வேண்டுதல் கிடையாது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறைக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். பல்கூட விளக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவள் தலையை நிமிர்த்தினேன். 5:55 என்று காட்டிக்கொண்டு நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பின்மூடியைத் திறந்து இரண்டு பேட்டரியையும் எடுத்தேன். எடுத்த பிறகும் எண்கள் உடனே போகவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே தங்கியிருந்து, அப்புறம்தான் மங்கின. முள் கடிகாரத்தில் எண்ணுக்கு முகமே தெரியாது என்று உன் அப்பா கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்த கடிகாரம் அது. பேட்டரிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, இதைத்தானே அடுத்த வாரம் செய்யச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. அவற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு இறங்கினேன்.

மணி தெரியாததால் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. வேலைக்குக் கிளம்பி, பல் கிளினிக் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். பெருக்கித் துடைக்கிற அம்மா சாவியோடு வந்து, "என்ன மேடம், வீட்ல கடிகாரம் நின்னு போச்சா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். இந்த ஏழு வாரத்தில் வெளி ஆளிடம் நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். அப்பாவைப் பற்றிக் கேட்கிற மற்றவர்களிடம் எல்லாம், "பரவாயில்லை, இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடிதத்தின் மேலே தேதி போடவில்லை என்று கவனித்திருப்பாய். மறந்துவிடவில்லை. போட்டால் நீ முதலில் அதைத்தான் கூட்டிப் பெருக்கிப் பார்ப்பாய். அப்பாவின் பெண் நீ. இதில் எழுதியிருப்பதை முதலில் படி.

போனில் சொல்லியிருக்கலாம். உன் குரல் உடைந்தவுடன் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டியா, அங்க குளிரா" என்று எதையாவது கேட்க ஆரம்பித்துவிடுகிறேன். அதனால்தான் காகிதம். திங்கட்கிழமைக்குள் உன் கையில் கிடைத்துவிடும் என்று கூரியர்காரர் சொல்லியிருக்கிறார்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். நீ பார்த்துவிட்டுப் போனதற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் என்றால், தலையில் சிரைத்த இடத்தில் முடி வளர்ந்திருக்கிறது. நரைத்து வளர்கிறது. நகமும் வளர்கிறது, நேற்று வெட்டிவிட்டேன். விரலைப் பிடித்து வெட்டும்போது கூச்சப்பட்டு இழுத்துக்கொள்வாரே, அது இல்லை. மார்பு ஏறி இறங்குகிறது. ஏறுவதும் இறங்குவதும் மெஷினின் வேலை என்பதை எனக்கு மூன்று முறை படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தால் என் மூச்சு அதோடு சேர்ந்துகொள்கிறது.

போன வெள்ளிக்கிழமை டாக்டர் என்னையும் உன் சித்தப்பாவையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேசையில் முகம் துடைக்கிற காகிதப் பெட்டி இரண்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. உன்னைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவராக இருப்பார் அந்த டாக்டர். மூளை இனித் திரும்பாது, இனிமேல் நாங்கள் செய்வது அவருக்கு வைத்தியம் இல்லை, தொந்தரவு, மெஷினை நிறுத்திவிடலாம் என்றார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் டாக்டர் என் கையைத் தொட்டு, "அவசரமே இல்லம்மா. அடுத்த ரெண்டு வாரத்துல உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஒரு நாளைக்கு இருபது தடவை நான் சொல்கிற வாக்கியம் அது. பல் டாக்டரின் வரவேற்பில் உட்கார்ந்து பத்து வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும், காலையா, மாலையா. பல்லைப் பிடுங்க வேண்டும் என்றால் ஜனங்கள் எத்தனை சாக்கு சொல்லி நாளைத் தள்ளுவார்கள் என்று உனக்குத் தெரியாது. மச்சான் வருகிறார், மழை வரும் போலிருக்கிறது, வலி இப்போது குறைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரும். என் முறை வந்தபோது நானும் அதையேதான் செய்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். "எப்படியும் செய்யத்தான் போறோம்னா பதினாறாம் தேதி செய்யலாம்மா. மூணே முக்காலுக்கு. அப்பா பத்து வருஷமா காத்திருந்த நாள்மா. அவருக்குக் குடுக்க நம்மகிட்ட வேற என்ன இருக்கு?" என்று கேட்டாய்.  நான் அங்கே குளிரா என்று கேட்டேன்.

அந்த நாளை எனக்குத் தெரியாதா? பதினாறு, ஒன்பது, இருபத்தைந்து. நாலுநாலு பதினாறு, மும்மூன்று ஒன்பது, ஐயைந்து இருபத்தைந்து. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வந்துவிடும். மூன்று, நான்கு, ஐந்து என்று பக்கங்கள் உள்ள முக்கோணம் ஒரு தேதிக்குள் உட்கார்ந்திருக்கிறது, நூறு வருடத்தில் இந்த ஒரு நாள்தான் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். குளித்துவிட்டு வந்து ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் அந்த முக்கோணத்தை வரைந்து வைப்பார். கண்ணாடி துடைக்கிற வேலை என்னுடையது. அன்றைக்கு மூணே முக்கால் மணிக்கு மூன்று பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கடிகாரமும் 3:45 என்று சொல்லும், தேதியும் அதையே சொல்லும், நீயும் எதிரே நிற்பாய் என்பது அவருடைய திட்டம். உன் விமான டிக்கெட்டுக்குக்கூட விலை பார்த்து வைத்திருந்தார்.

நீ பிறந்ததும் அந்த நேரத்தில்தானே. நர்ஸ் வெளியே வந்து மூணே முக்காலுக்குப் பிறந்தது என்று சொல்லி வாயை மூடவில்லை, உன் அப்பா, "மூணு, நாலு, அஞ்சு!" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாராம். எடையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அவ்வளவெல்லாம் இல்ல சார், மூணு கிலோதான்" என்றாராம் அந்த நர்ஸ். பெண்ணா பிள்ளையா என்று கேட்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்ததாம். அன்றிலிருந்து நீ முக்கால். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் எனக்கே சில சமயம் யாரோ ஒரு பெண்ணின் பெயர் போலத்தான் இருக்கிறது.

எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார். கல்யாணம் ஆன புதிதிலேயே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். நாற்பத்தைந்தை நாற்பத்தைந்தால் பெருக்கினால் 2025. நான் நாற்பத்தைந்து வயதில் இருக்கிற வருடமும் 2025. "இந்த யோகம் எல்லாருக்கும் வராதும்மா. அடுத்து வர்றவங்க பிறக்கவே இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு. அந்த வருஷம் உனக்கு என்னமோ நடக்கப்போகுது பாரு" என்பார். நான் புத்தாண்டு அன்று, "சரி, எங்க என் யோகம்?" என்று கையை நீட்டினேன். பொறு, இப்போதுதானே வருடம் பிறந்திருக்கிறது என்றார்.

வந்தது. இருபத்தைந்தாம் தேதி, ஏழாம் மாதம், இருபத்தைந்தாம் வருடம், காலை ஏழு இருபத்தைந்து. 25, 7, 25, 7, 25. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்று.

அன்றைக்கு நடந்ததை நாம் இருவரும் உட்கார்ந்து ஒரு தடவைகூட முழுசாகப் பேசவில்லை. சித்தப்பா உன்னிடம் பாதி சொன்னார், போலீஸ்காரர் என்னிடம் பாதி சொன்னார். மீதியை ஸ்டேஷன் வாசலில் டீ விற்கிறவர் சொன்னார். அவரைத் தேடிப்போய் நான் கேட்டேன், உனக்குச் சொல்லவில்லை. ஸ்டேஷன் வாசலில் தேதியும் மணியும் ஓடுகிற பெரிய போர்டு இருக்கிறதே, அது எப்போதும் இரண்டு நிமிடம் பின்தங்கித்தான் ஓடும். அப்பா அதைப் பற்றி ஸ்டேஷன் மாஸ்டரிடம் பல தடவை சண்டை போட்டிருக்கிறார். அன்று அவருடைய கைப்போனில் ஏழு இருபத்தைந்து வந்து போய்விட்டது. போர்டில் வரட்டும் என்று ரோட்டோர நடைபாதையிலேயே நின்றிருக்கிறார். ரயில் வந்திருக்கிறது. வழக்கமான ரயில்தான், ஏறவில்லை. "'சார் டீ வேணுமா'ன்னு கேட்டேன். 'ரெண்டு நிமிஷம் இருப்பா, ஒரு முக்கியமான ஆள் வர்றாரு'ன்னு சொன்னாரு. நான் யாரோ வர்றாங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் டீக்காரர். மீதி கேமராவில் பதிந்திருந்ததாகப் போலீஸ்காரர் சொன்னது: போர்டில் எண் மாறியதும் அப்பா போனைத் தூக்கியிருக்கிறார். தேதியும் மணியும் ஒரே படத்துக்குள் அடங்கவில்லை. பின்னால் ஒரு அடி வைத்தார். அப்புறம் இன்னொரு அடி. இரண்டாவது அடிக்கு நடைபாதை இல்லை. சாமான் ஏற்றிவந்த வேன் பிரேக் போட்ட சத்தம் கேட்டுத்தான் டீக்காரர் திரும்பியிருக்கிறார்.

உன் விடுப்பு முடிந்து திரும்பிப் போன அன்று, விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும் வரிசையில் நின்றுகொண்டு என் காதுக்குள் சொன்னாய். "நான்தாம்மா சொன்னேன். போன்ல எடுத்தா நல்லா இருக்காதுப்பா, ஸ்டேஷன் போர்டுல எடுத்து அனுப்புங்கன்னு நான்தான் சொன்னேன்." நான் பதில் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது, நீயும் நகர்ந்தாய். நான் பெட்டியின் கைப்பிடியில் இருந்த சிவப்பு நூலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பேசாமல் இருந்ததை நீ என்னவாக எடுத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து நீ போனில் என்னிடம் "சரிம்மா", "ஆமாம்மா" என்று ரொம்ப அடக்கமாகப் பேசுகிறாய். நீ அப்படிப் பேசுகிறவளே இல்லை.

கண்ணே, அப்போது எனக்கு வார்த்தை வரவில்லை. அவ்வளவுதான். நீ சொல்லாவிட்டாலும் அவர் போய் நின்றிருப்பார். அந்த வாரம் முழுக்க என்னிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று காலை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதுகூட வந்து, "இன்னைக்கு ஏழு இருபத்தஞ்சுக்கு எங்க இருந்தாலும் மணியைப் பாரு" என்றார். "பாக்கறேன் பாக்கறேன், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கோங்க" என்றேன். பார்க்கவில்லை. அந்த நேரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் ஒருநாளும் வந்ததில்லை. போர்டின்மேல் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர்மேல் வந்தது. சொன்னால் பாவம், அவர்மேலேயே வந்தது. ஐம்பது வயதை எட்டப்போகிற மனுஷன், பெண்டாட்டியையும் பெண்ணையும் விட்டுவிட்டு நாலு எண்ணைப் படம் பிடிக்கப் பின்னால் நகர்ந்த மனுஷன். ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கேட்காத காதில் திட்டியிருக்கிறேன். "எந்த எண்ணு வந்து இப்ப உங்களைத் தூக்கி நிறுத்தப்போவுது, சொல்லுங்க" என்று. அப்புறம் நானே ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

அப்பாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. சிவப்பு எண்கள். நீயும் பார்த்திருக்கிறாய். கிளினிக்கில் மதிய ஷிஃப்டை இன்னொரு பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு உள்ளே போவேன். போய் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்வதற்குள் 3:45 வந்துவிடும். ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நிமிடம் போகும்வரை போர்வையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ பிறந்த நேரம் என்று சந்தோஷமாகப் பார்த்த எண். இப்போதே அது இப்படி ஆகிவிட்டது. கிளினிக்கில் கம்ப்யூட்டரில் மூணே முக்கால் நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் அடைத்து வைத்திருக்கிறேன். "ஏங்க, தினமும் அந்தக் கால் மணி நேரம் மட்டும் ஏன் காலியாவே கிடக்குது?" என்று பல் டாக்டர் கேட்டார். சிஸ்டம் எடுக்கவில்லை என்றேன். "சிஸ்டத்துக்கே பல்வலி போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ சொல்கிற மாதிரி செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்த நேரம் வரும். நீ பிறந்த நேரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உன் பிறந்தநாள் வந்தாலும் உனக்கு அது ஞாபகம் வராது, இதுதான் வரும். துக்கம் கேட்க வருகிறவர்கள் வேறு, "பாருங்களேன், என்ன பொருத்தம்! அவருக்குப் பிடிச்ச நாளாப் பாத்து" என்று ஆச்சரியப்படுவார்கள். சித்தப்பா இப்போதே, "அண்ணி, புள்ள ஆசைப்படுது, அண்ணனுக்கும் புடிச்ச நாளு, அப்படியே செஞ்சிருவோமே" என்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் உன் அப்பா சாவதில் பொருத்தம் என்று எதுவும் இல்லை. அது அழகாக இருக்க வேண்டாம். அதைப் பார்த்து யாரும் அடடா என்று சொல்ல வேண்டாம்.

அதனால் ஒன்றுமே இல்லாத ஒரு நாளைத் தேடினேன். வெறும் நாள். இரண்டு நாளாக இதுதான் வேலை. பஸ்ஸில் தேடினேன், கிளினிக்கில் பற்களின் படத்தை உறையில் போட்டுக்கொண்டே தேடினேன். கணக்கில் நான் சுமார்தான், உனக்கே தெரியும். ஆனால் இருபத்து நான்கு வருடம் அந்த மனுஷனோடு ஒரே கூரையின் கீழே இருந்தால் வியாதி ஒட்டாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு என்று நினைத்தேன். ஒன்பதும் பன்னிரண்டும் அதே முக்கோணம்தான், மூன்று மடங்கு பெரியது. திங்கள் பதினைந்து. பதினைந்தை ஒன்பதால் பெருக்கினால் நூற்று முப்பத்தைந்து. ஒன்று, மூன்று, ஐந்து. வியாழன் பதினெட்டு. ஒன்பதின் இரட்டை. எதைத் தொட்டாலும் உள்ளேயிருந்து ஒன்று எழுந்து வந்து கையை ஆட்டுகிறது. இடையில் பதினேழு ஒன்றுதான் சும்மா கிடந்தது. எதனாலும் வகுபடாத, யாரோடும் சேராத எண். புதன்கிழமை. அதைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு எழுத உட்கார்ந்ததே அந்தத் தைரியத்தில்தான்.

இந்தப் பக்கத்தைத் திருப்பும்போதுதான் கவனித்தேன். ஒன்பது, பதினேழு, இருபத்தைந்து. எட்டு எட்டாக ஏறுகிறது. ஒன்பதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் அளந்து வைத்த மாதிரி பதினேழு உட்கார்ந்திருக்கிறது.

சிரித்துவிட்டேன் முக்கால். பேனாவை வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். ஏழு வாரத்தில் முதல் தடவை. அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டி, "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஏதோ ஞாபகம் என்றேன்.

தேடினால் எல்லா நாளிலும் ஏதாவது ஒன்று அகப்படுகிறது. அப்படியென்றால் எந்த நாளும் நம்மைத் தேடி வரவில்லை என்றுதானே அர்த்தம்? இருபத்தைந்து ஏழும் அவரைத் தேடி வரவில்லை. நீ அனுப்பியும் அது வரவில்லை. இதை உனக்கு ஆறுதலாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் எழுதிப் பார்க்கும்போது எனக்கே இது ஆறுதலாக இல்லை. யாரும் கூப்பிடாமல், எதற்காகவும் இல்லாமல், ஒரு மனுஷன் இரண்டு அடி பின்னால் வைத்தார் என்பதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்று தெரியவில்லை. எதற்காவது நடந்திருந்தால்கூடத் தேவலை.

அப்பா தன் வேலையைப் பற்றி உன்னிடம் அதிகம் பேசியதில்லை. உன்னிடம் எண்கள்தான். என்னிடம்தான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற கதைகள் சொல்வார். லிஃப்ட் அறுந்து விழுவதெல்லாம் நடக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோவதுதான் கொடுமை என்பார். விளக்கு எரியும், விசிறி ஓடும், கதவு மட்டும் திறக்காது. அந்த நேரத்தில் மேலே மோட்டார் அறைக்குப் போய்ப் பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். "கீழதானே வரும்?" என்று கேட்டேன். "இல்லம்மா. உள்ள நிறைய பேர் இருந்தாத்தான் கீழ வரும். ஒரே ஆளா இருந்தா எதிர்ப்பக்கத்து எடை இழுத்துக்கிட்டு மேலதான் போகும். நாம ஒண்ணும் செய்ய வேண்டாம், விட்டாப் போதும்" என்றார். அவரை ஏழு வாரமாக நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. பதினேழு, புதன்கிழமை. அதிலும் எட்டெட்டு இருந்துவிட்டுப் போகட்டும், நான் இனிமேல் மாற்றப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் பக்கத்தில் இருப்பேன். மூணே முக்கால் வரும், போகும், அவர் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு நீ வீடியோவில் வா. அவர் போட்ட திட்டப்படி மூன்று பேரும் ஒன்றாக இருந்து அந்த நிமிடத்தைக் கடந்துவிடுவோம். மறுநாள் உள்ளே போனதும் சுவரில் இருக்கிற கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைக்கச் சொல்வேன். என் போனைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுவேன். டாக்டர் எழுத வேண்டிய நேரத்தை எழுதிக்கொள்ளட்டும், என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அது எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாமலே இருக்கும்.

நீயும் அதைக் கேட்காதே. என்னிடம் என்ன வேண்டுமானாலும் கேள், அவர் முகம் எப்படி இருந்தது, யார் யார் இருந்தார்கள், எல்லாம் சொல்கிறேன். மணியை மட்டும் கேட்காதே. யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள். உன் அப்பாவுக்காக நீ செய்ய வேண்டியது வேறு ஒன்றும் இல்லை.

மூணே முக்கால் உன்னுடையது. அவர் வராந்தாவில் கத்திக் கொடுத்தது. அதை உனக்கே வைத்துக்கொள், கண்ணே. ஒரு இரவாவது மணி பார்க்காமல் தூங்கி எழு. நன்றாக இரு.

உன் அம்மா